முந்நூற்று முப்பது படங்கள்

அந்தப் பையில் இருப்பது கம்ப்யூட்டர்தானே, சார்? மடியில் அணைத்து வைத்திருக்கிற விதத்தைப் பார்த்துக் கேட்டேன். வேறு சாமான் என்றால் மேலே போட்டிருப்பீர்கள். தப்பாக நினைக்காதீர்கள். நான் பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் பேசுகிறவன் இல்லை. கோவில்பட்டியில் ஒரு மில்லில் முப்பத்தோரு வருஷம் டைம் ஆபீஸில் இருந்தேன். ஆள் வந்த நேரம், போன நேரம் குறிக்கிற வேலை. அங்கே வாயைத் திறந்தால் எண்ணிக்கை தப்பும். அப்படியே பேசாமல் பழகிவிட்டது.

சங்கரன்கோவில் வரைக்குமா? நானும் அங்கேதான். ஒரு மணி பத்து நிமிஷம் இருக்கிறது. கழுகுமலையில் எட்டு நிமிஷம் நிற்பான், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வீடியோவை வெட்டி ஒட்டுகிற சாஃப்ட்வேர் இருக்கிறதே, அதில் வேலை செய்யும்போது திரையில் ஒரு மாதிரியும், முடித்து முழுப் படமாக வெளியே எடுக்கும்போது வேறு மாதிரியும் வருமா, வராதா?

வரும் என்கிறீர்கள். அது போதும் சார். வரும். நானும் அதைத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரி நம்பவில்லை.

எனக்கு ஒரே பையன், செண்பகராஜ். வளைகுடாவில் பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று போகிற தகரக் குழாய் மாட்டுகிற வேலையில் இருந்தான். இரண்டு வருஷ ஒப்பந்தம். முடிவதற்குள் இறந்துவிட்டான். போன வருஷம் ஆனி மாதம். வயது இருபத்தொன்பது வருஷம், நான்கு மாதம், ஆறு நாள். தூக்கத்தில் இருதயம் நின்றுவிட்டது என்று காகிதத்தில் இருந்தது. பத்தொன்பதாவது நாள் பெட்டி வந்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது சாஃப்ட்வேரைப் பற்றி.

இந்த வருஷம் அவனுடைய முதல் நினைவு நாள் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் என்னிடம் வந்து, "அவன் அங்கருந்து அனுப்புன வீடியோவெல்லாம் உங்க போன்ல கெடக்குல்லா? அதையெல்லாம் ஒண்ணாச் சேத்து டிவில போட முடியுமா? எல்லாரும் ஒருதடவ பாக்கட்டும்" என்றாள். அவளாக ஒன்று கேட்பது அபூர்வம். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

பையனுடைய லேப்டாப் வீட்டில் இருந்தது. வெளிநாடு போவதற்கு முன்னால் அவன் கூட்டாளிகளின் கல்யாண வீடியோவை அதில்தான் சேர்த்துக் கொடுப்பான். அந்த சாஃப்ட்வேரும் அதிலேயே இருந்தது. நான் படித்தது எட்டாவது. ஆனால் எதையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் பிடிபடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற ஜெபமணி அம்மா, ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்யும் என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். ஐம்பத்தாறு பொத்தான். எனக்குத் தேவைப்பட்டது ஒன்பது.

மொத்தம் இருபத்திரண்டு வீடியோ. சேர்த்துப் பார்த்தால் பதினெட்டு நிமிஷம். ஒரு செகண்டுக்கு முப்பது படம் என்று கணக்கு. முப்பதும் அடுத்தடுத்து ஓடினால்தான் நமக்கு ஆள் அசைகிற மாதிரி தெரிகிறது. நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். பையன் முகம் இருக்கிற ஒரு படத்தைக்கூட வெட்டி எறியக் கூடாது. இனிமேல் புதிதாக ஒன்று வரப்போவதில்லை. இருப்பதில் குறைத்தால் குறைத்ததுதான்.

அந்த விதியால்தான் எல்லாச் சங்கடமும் வந்தது.

கடைசி வீடியோ ஒன்று. நீலச் சட்டை போட்டிருப்பான். ஒரு நிமிஷம் பன்னிரண்டு செகண்டு. அது வந்த அன்றைக்கு நான் போனைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவுடையம்மாள் கொடியில் துணி போட்டுக்கொண்டே, "என்ன சொல்லுதான்?" என்று கேட்டாள். "சும்மா விசாரிச்சான்" என்றேன். அவள் தூரத்திலிருந்து சட்டையை மட்டும் பார்த்திருக்கிறாள். ஒரு வருஷம் கழித்தும் நினைவு வைத்துக்கொண்டு, "அந்த நீலச் சட்டையச் சேத்துட்டீகளா? நான் இன்னும் பாக்கவே இல்ல" என்று மூன்று தடவை கேட்டாள். எப்படி விட முடியும்?

அதில் நாற்பத்தோராவது செகண்டிலிருந்து ஐம்பத்திரண்டு வரைக்கும் கொஞ்சம் தேவையில்லாத பேச்சு. பதினோரு செகண்டு. முந்நூற்று முப்பது படம். நாற்பத்தெட்டு பேர் கூடியிருக்கிற இடத்தில் கேட்க வேண்டிய பேச்சு இல்லை. எந்த வீட்டில்தான் இல்லை? வெட்டினால் முந்நூற்று முப்பது முகம் போய்விடும். அதனால் வெட்டவில்லை. அந்தப் பதினோரு செகண்டுக்குச் சத்தத்தை மட்டும் அடைத்துவிட்டு, சாஃப்ட்வேரிலேயே கிடந்த ஒரு புல்லாங்குழலை எடுத்து மேலே வைத்தேன். திரையில் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. அவன் வாய் அசைகிறது, குழல் கேட்கிறது. பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு இளகும்.

வெளியே எடுத்தேன். பழைய லேப்டாப், அந்தப் பதினெட்டு நிமிஷத்தை வெளியே எடுக்க ஒரு மணி ஐம்பது நிமிஷம் எடுக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வரைக்கும் ஓடிவிட்டு அங்கே கொஞ்சம் நிற்கும். நின்றுவிட்டு முடியும். டிவியில் போட்டேன். முதல் வீடியோ சரி. போகப் போக வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். முகம் விட்டுவிட்டு ஓடியது. கடைசியில் நீலச் சட்டை வந்தபோது குழல் இரண்டு செகண்டு தாமதமாக வந்தது. நான் எதை அடைத்தேனோ அதில் முதல் இரண்டு செகண்டு வீடு முழுக்கக் கேட்டது. நல்லவேளை, ஆவுடையம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

எத்தனை படம் தள்ளிப் போகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? உதட்டை வைத்துத்தான். அப்பா என்று சொல்லும்போது உதடு இரண்டும் ஒட்டிப் பிரியும். அந்தச் சத்தம் அந்தப் படத்தில் விழ வேண்டும். எல்லா வீடியோவிலும் சேர்த்து அவன் அறுபத்து நான்கு தடவை அப்பா என்கிறான். நாற்பத்தோரு தடவை அம்மா. ஒவ்வொரு இடமாக நிறுத்தி, ஒவ்வொரு படமாகத் தள்ளி, உதட்டைப் பார்த்துப் பார்த்துக் குறித்தேன். நூற்றைந்து இடம். கடைசியில் ஐம்பத்தேழு படம் தள்ளிப் போயிருந்தது.

சரி, குழலை ஐம்பத்தேழு படம் முன்னால் நகர்த்தி வைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். நகர்த்திவிட்டு மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை நாற்பத்தொன்பது. அடுத்த தடவை அறுபத்தொன்று. அதுதான் சார் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு ஒரே அளவாக இருந்தால் அது தப்பே இல்லை, கழித்துவிடலாம். தினம் பத்து நிமிஷம் பிந்தி வருகிற ஆளை வைத்து வேலை வாங்கலாம். ஒருநாள் ஐந்து, ஒருநாள் அரை மணி என்று வருகிறவனை என்ன செய்வது?

ஜெபமணி அம்மாவிடம் போனேன். அவர்கள் சிரித்தார்கள். "ஏன் அண்ணாச்சி, மில்லுல ஆள எண்ணுனது பத்தாதுன்னு இப்பம் படத்த எண்ணுதீகளா?"

"ரெண்டு செகண்டு தள்ளுதும்மா."

"தள்ளட்டுமே. எங்க சபை வீடியோல பாஸ்டரு வாய மூடி உக்காந்த பெறவும் பிரசங்கம் ஓடிக்கிட்டு இருக்கும். ஒருத்தரும் கேக்கல. ஆமென்னு எந்திரிச்சுப் போயிருவாங்க."

"இது பையன் வீடியோ" என்றேன்.

அதற்கப்புறம் அவர்கள் சிரிக்கவில்லை. சாஃப்ட்வேர்காரர்களுக்கு இங்கிலீஷில் எழுதிப் போட்டார்கள். நாலாம் நாள் பதில் வந்தது. புதிதாக்குங்கள், தேங்கியிருக்கிற குப்பையை அழியுங்கள், வேறு கம்ப்யூட்டரில் முயன்று பாருங்கள் என்று. மூன்றையும் செய்தேன். அப்போதும் ஐம்பத்திரண்டு படம் தள்ளியது. ஆனால் அந்தப் பதிலுக்குக் கீழே ஊர் உலகத்திலிருந்து ஆட்கள் எழுதியிருந்தார்கள், எனக்கும் இதே கோளாறு என்று. எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது. நாம் மட்டும் தப்பு செய்யவில்லை என்று தெரிந்தால் ஒரு நிம்மதிதானே?

முப்பத்தெட்டுத் தடவை எடுத்தேன். முப்பத்தெட்டும் தப்பு. நினைவு நாளுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் ஜெபமணி அம்மா காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். குற்றம் பாதி போனில் இருக்கிறது. போன் செகண்டுக்கு முப்பது படம் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறது. வெளிச்சம் குறைந்தால் இருபத்தாறு, இருபத்துநாலு என்று தானாகக் குறைத்துக்கொள்கிறது. பையன் இருந்த அறை இருட்டறை, எட்டுப் பேருக்கு ஒரு லைட்டு. இந்த சாஃப்ட்வேர் அதைச் சரிபார்க்காமல் முப்பது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஆள் வராத நாளுக்கும் மஸ்டரில் வந்ததாகப் போட்டால் மாசக் கடைசியில் எப்படி ஒத்துப்போகும்? எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதலில் வேறொரு சாஃப்ட்வேரில் எல்லா வீடியோவையும் சீராக முப்பது முப்பதாக மாற்றிக்கொள்ள வேண்டும், பிறகு இதில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

முப்பத்தொன்பதாவது தடவை. நூற்றைந்து இடத்தையும் சரிபார்த்தேன். ஒரு படம்கூடத் தள்ளவில்லை. முகம் விட்டு விட்டு ஓடுவதும் நின்றுவிட்டது. அப்படியே எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. குழல் எங்கே ஆரம்பிக்க வேண்டுமோ அங்கே ஆரம்பித்தது, எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிந்தது.

நினைவு நாள் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டோம். பகல் பதினொன்றே கால். ஆவுடையம்மாள் டிவிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரோரம், மணி பார்க்க வசதியாக. எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. நீலச் சட்டை வந்தது. நாற்பத்தோராவது செகண்டு, குழல் ஆரம்பித்தது. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நான் மனசுக்குள் முந்நூற்று முப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன். யதேச்சையாக அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. டிவியில் அவன் உதடு எப்படிப் போகிறதோ, அதற்கு அரை எட்டுப் பின்னால் இவள் உதடு போகிறது. என் தங்கச்சி, மதினி சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆவுடையம்மாள் அதே மில்லில் ஸ்பின்னிங்கில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். உள்ளே மெஷின் ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அங்கே இருக்கிற பெண்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். இந்தக் கடைசியில் ஒருத்தி வாயை அசைப்பாள், அந்தக் கடைசியில் ஒருத்தி சிரிப்பாள். சூப்பர்வைசரை நேருக்கு நேர் வைவார்கள், அவருக்குத் தெரியாது. நான் இருந்தது கண்ணாடி அறை. வெளியே இருந்து பார்க்க மீன் வாய் மாதிரி இருக்கும். முதல் ஒரு வருஷம் நான் வெற்றிலை மெல்லுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது என்று தெரியும் சார். கட்டின நாளிலிருந்து தெரியும். ஆனால் ஐந்து வாரம் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

பழைய கோளாறோடு போட்டிருந்தால் முகம் விட்டுவிட்டுத்தான் ஓடியிருக்கும். ஒன்றும் பிடிபட்டிருக்காது. சரி பண்ணினது நான்தான்.

அவன் அதில் சொன்னது பெரிதாக ஒன்றும் இல்லை. "அப்பா, என்னால முடியலப்பா. மேல ஏறுனா மூச்சு முட்டுது. நெஞ்ச அமுக்குது. நான் ஊருக்கு வந்துருதேம்பா. வரட்டுமா?" அவ்வளவுதான். அதற்கப்புறம் இருபது செகண்டு அம்மாவை விசாரிக்கிறான், மழை உண்டா என்று கேட்கிறான்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு, ஆவுடையம்மாள் எச்சில் இலையெல்லாம் வாரிப் போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. "வரட்டுமான்னு கேட்டிருக்கான்" என்றாள்.

நான் மணி பார்த்தேன்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீக?"

நான் சாஃப்ட்வேர் கோளாறைப் பற்றிச் சொன்னேன். ஒரு இடத்துப் படம் இன்னொரு இடத்தில் வந்து விழுந்துவிடும், வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் ஆகிவிடும், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், நீ பார்த்த மாதிரி அவன் சொல்லவில்லை என்று. அவள் முடிகிற வரைக்கும் கேட்டாள்.

"ஏங்க, கம்ப்யூட்டரா அவன் உதட்ட வச்சு வரட்டுமான்னு கேக்கும்? நீங்க என்ன சொன்னீக, அதச் சொல்லுங்க."

"ஜெபமணி அம்மாகிட்ட வேணும்னா கேளு" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு அவள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை. எனக்குச் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் போனாள். இன்றோடு ஒன்பது நாள். நான் போன் பண்ணினால் அவள் தங்கச்சி எடுத்து, "அத்தான், அக்கா கேட்டதுக்குப் பதில் இருந்தா வரச் சொல்லுதா. இல்லன்னா வேண்டாங்கா" என்கிறாள்.

அதனால்தான் போகிறேன். இதோ, பென் டிரைவ். இதில் நாற்பதாவது தடவை எடுத்தது இருக்கிறது. நீலச் சட்டையில் மட்டும் படத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். உதடும் பேச்சும் குழம்பின மாதிரி, நானே கையால். முன்னே அது தானாகச் செய்தது, இப்போது நான் செய்ய வேண்டியதாகிவிட்டது. இந்தக் காகிதம் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் எழுத்து, ஜெபமணி அம்மா தமிழில் மாற்றிக் கொடுத்தது. பதினான்கு பக்கம். எதற்கு என்று அவர்களிடம் சொல்லவில்லை. இரண்டையும் காட்டினால் அவள் யோசிப்பாள். நீங்களும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஐந்து நிமிஷம் வந்து, ஆமாம், இப்படிக் கோளாறு உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. படித்தவர்கள் சொன்னால் கேட்பாள். பொய் இல்லையே, கோளாறு உண்டுதானே? அந்த முந்நூற்று முப்பது படத்தில் ஒன்றில்கூட இல்லை. அதை நான் சொல்லப்போவதில்லை, அவ்வளவுதான்.

என்ன சார்?

நீங்களும் அதையே கேட்கிறீர்கள்.

சொல்கிறேன். உங்களிடம் சொல்வதில் ஒன்றும் இல்லை, நீங்கள் இறங்கி உங்கள் வழியில் போய்விடுவீர்கள். அந்த வீடியோ வந்த அன்றைக்கு அவன் ஒப்பந்தம் முடிய நூற்றுப் பதினான்கு நாள் இருந்தது. நூற்றுப் பதினான்கு என்ன பெரிய நாளா? பாதியில் எழுந்து வருவது என்பது எங்கள் வீட்டில் கிடையாது. நான் குரலில்தான் அனுப்பினேன். ஏழு செகண்டு. "நூத்திப் பதினாலு நாளுதாம்ல இருக்கு. தெனம் ஒண்ணு கழிச்சுக்கிட்டே வா. தானா ஓடிரும்."

அவன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு செய்தி வந்தது. பேச்சு ஒன்றும் இல்லை, வெறும் எண். நூற்றுப் பதின்மூன்று. அதற்கு மறுநாள் அதே ஐந்தரைக்கு நூற்றுப் பன்னிரண்டு. பிறகு அவன் மூச்சு முட்டுகிறது என்று சொல்லவே இல்லை. வரட்டுமா என்றும் கேட்கவில்லை. பாருங்கள், எண்ண ஆரம்பித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. நான் தினமும் காலண்டரோடு ஒத்துப் பார்ப்பேன். ஒரு நாள் தப்பவில்லை. தீபாவளி, பொங்கலுக்கே மறந்துவிடுகிற பையன். மில்லில் முப்பத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு ஆள் எனக்கு வாய்க்கவில்லை.

எழுபத்தொரு நாள் அனுப்பினான். கடைசியாக வந்தது நாற்பத்து மூன்று. மறுநாள் ஐந்தரை ஆயிற்று, ஐந்தே முக்கால் ஆயிற்று, வரவில்லை. இவ்வளவு தூரம் சரியாக எண்ணிவிட்டு இன்றைக்கு விட்டுவிட்டானே என்று எனக்குக் கோபம். ஆறு மணி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானே எழுதி அனுப்பினேன், நாற்பத்திரண்டு என்று.